கயிற்றில் ஏறியவனும் தரையில் நின்றவனும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு மாயவித்தையின் பண்பாட்டு வரலாறு என்று தலைப்பு கொடுத்தார்கள். எகிப்தில் தொடங்கித் தொலைக்காட்சி வரை ஒரு மணி நேரத்தில் ஓட்டிக் காட்டலாம்தான். எனக்கு அதில் மனமில்லை. ஒரே ஒரு தடத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் பட்டணத்துத் தெருவிலிருந்து கப்பலேறி லண்டன், பாரிஸ், சிகாகோ என்று சுற்றிவிட்டு டெல்லிக்கு வந்து சேரும் தடம் அது. வித்தை அந்த வழியில் போனது, புகழடைந்தது. வித்தைக்காரன் என்ன ஆனான் என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

1813ஆம் ஆண்டு லண்டனில், அரண்மனைக்குப் பக்கத்திலுள்ள பால் மால் வீதியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து இந்திய வித்தைக்காரர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டிவந்தவர் ஒரு கப்பல் தலைவர். மிளகும் துணியும் வந்த கப்பலில் இந்த முறை மனிதர்கள் வந்திறங்கினார்கள். மேல்தட்டு லண்டன் கட்டணம் செலுத்திப் பார்த்தது. வெள்ளை உடையும் இறுகக் கட்டிய தலைப்பாகையுமாக ஒருவர் தரையில் உட்கார்ந்து இரண்டு பித்தளைப் பந்துகளை வீசத் தொடங்குவார். முடிக்கும்போது நான்கு பந்துகள் காற்றில் இருக்கும்.

இந்த வித்தைக்காரர்களைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் ஒரு கட்டுரை எழுதினார். ‘இந்திய வித்தைக்காரர்கள்’ என்ற அந்தக் கட்டுரை 1821இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை இலக்கியம் படிப்பவர்கள் இன்றும் அதைத் தாண்டிப் போக முடியாது. அந்த நான்கு பந்துகளைப் பார்த்ததும் ஹாஸ்லிட்டுக்குத் தன்மீதே வெட்கம் வருகிறது. இவ்வளவு பிசிறில்லாமல் நான் என்ன செய்கிறேன், ஒரு கட்டுரையாவது இப்படி எழுதியிருக்கிறேனா என்று கேட்டுக்கொள்கிறார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கைத்திறன் வேறு, மேதைமை வேறு என்று பிரித்து, வித்தைக்காரரை ஒரு படி கீழே இறக்கிவிட்டுத்தான் கட்டுரையை முடிக்கிறார். வாள் விழுங்குவதைப் பற்றி ஓரிடத்தில் ஒரு வரி வருகிறது: இதைக் காவல்துறை தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்கிறார். வியப்பு, தரம் பிரித்தல், போலீஸ் ஆகிய மூன்றும் ஒரே கட்டுரையில் இருக்கின்றன. அடுத்த 200 ஆண்டுக் கதையின் சுருக்கம் என்றே அதை நான் படிக்கிறேன்.

அந்தக் காலத்து லண்டனில் பெயர் சொன்னாலே தெரிந்த இந்திய வித்தைக்காரர் ‘ராமோ சாமி’. நம் ராமசாமிதான். சென்னைப் பக்கத்திலிருந்து போனவர். 1819இல் அமெரிக்காவுக்கும் போய் அங்கேயும் ஊர் ஊராக வித்தை காட்டினார். வாள் விழுங்குவார். உதிரிப் பாசிமணிகளையும் குதிரைமயிரையும் வாயில் போட்டு, நாக்காலேயே கோத்து மாலையாக வெளியே இழுப்பார். பின்னாளில் ஹூடினி ஊசிகளையும் நூலையும் விழுங்கிக் கோத்தெடுத்துக் கைதட்டல் வாங்கியது இதே குடும்பத்தைச் சேர்ந்த வித்தை. ஹூடினியே அதற்குக் ‘கிழக்கிந்திய ஊசி வித்தை’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். ராமசாமியின் புகழுக்கு இன்னொரு சான்று சொல்கிறேன். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே தம் ‘ஸ்னாப்’ கட்டுரைகளில் ஓர் இளவரசி கத்தியால் உணவை வாய்க்குள் திணிப்பதைக் கேலி செய்யும்போது, ராமோ சாமியைப் போல் கத்தியையே விழுங்கிவிடுவாள் போலிருக்கிறது என்கிறார். அடிக்குறிப்பு தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் வாசகர்களுக்குப் பழகியிருந்தது.

1850இல் ராமசாமி லண்டனில் இறந்தார். அடக்கம் செய்யக் கையில் காசில்லை. அவர் மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் சார்லஸ் டிக்கன்ஸ் வைட் தீவில் விடுமுறையில் இருந்தபோது நண்பர்களுக்கு மாயவித்தை காட்டினார். டிக்கன்ஸ் வித்தையில் கைதேர்ந்தவர். அன்றைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘ரியா ராமா ரூஸ்’. ‘கியா கான் க்ரூஸ்’ என்று இந்திய வித்தைக்காரர்களின் தலைவராகத் தம்மை விளம்பரப்படுத்திக்கொண்ட ஒருவரின் பெயரைக் கேலியாகத் திருப்பிப் போட்டது அது. இந்திய வேடம் அதற்குள் விளையாட்டுப் பொருளாகவே ஆகிவிட்டது. வேடத்துக்கு மதிப்பு இருந்தது. அந்த வேடத்தைப் பிறப்பிலேயே போட்டுவந்தவருக்கு அடக்கச் செலவுக்கும் இல்லை.

இனிச் சென்னைக்கு வருவோம். 1832இல் லண்டன் வார இதழ் ஒன்றில் ஒரு படமும் செய்தியும் வெளியாயின. சென்னையில் ஒரு பிராமணர் தரையிலிருந்து சில அடி உயரத்தில், காற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கண்கள் பாதி மூடியிருக்கின்றன, ஜபம் நடக்கிறது. ஒரு கை மட்டும், சிறு முக்காலியிலிருந்து எழும் கழியோடு இணைந்த மான்தோல் சுருள்மேல் படிந்திருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் சுற்றிலும் போர்வையைப் பிடித்து மறைத்துவிடுவார்கள். ஆங்கிலேயர் அவர் பெயரை ‘ஷேஷால்’ என்று எழுதினார்கள். செய்தி அச்சானபோது அவர் உயிரோடில்லை.

எப்படிச் செய்தார் என்று நான் சொல்லப் போவதில்லை. தொழில் ரகசியம் ஒருவருடைய சோறு. அறக்கட்டளை மேடையில் நின்று அதில் கைவைப்பது முறையில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1847இல் பாரிஸில் ராபேர் ஹூடேன் தம் சின்ன மகனை ஒரு கழியின்மேல் முழங்கை ஊன்றிக் காற்றில் படுக்க வைத்தார். தொழிலால் கடிகாரக்காரர், நவீன மேடை மாயவித்தையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். அறுவைக்கு மயக்கமருந்தாக ஈதர் பயன்படத் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். ஊரெல்லாம் அதே பேச்சு. அரங்கில் ஈதர் வாசனையைப் பரவவிட்டு, ஈதரால்தான் உடல் லேசாகிவிட்டது என்று கதை கட்டினார். சென்னையில் ஜபம் செய்த வேலையைப் பாரிஸில் ஈதர் செய்தது. ஜபம் சொன்னவர் கீழ்த்திசையின் மர்மம் ஆனார், ஈதர் சொன்னவர் நவீனக் கலைஞர் ஆனார். இரண்டு இடத்திலும் ஒரு கை ஒரு கழியில் இருந்தது.

ஹூடேனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நட்சத்திரம் பதித்த அங்கியையும் கூம்புத் தொப்பியையும் கழற்றி எறிந்து, விருந்துக்கு வரும் கனவானின் கறுப்பு உடையில் மேடையேறினார். மாயவித்தைக்காரன் என்பவன் மந்திரவாதியாக நடிக்கும் நடிகன் என்று வரையறுத்தார். நான் ஏமாற்றுகிறேன், நீங்கள் ஏமாறச் சம்மதித்து வந்திருக்கிறீர்கள் என்ற ஒப்பந்தம் அது. ஐரோப்பாவில் இந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் பயங்கரமான ஒரு வரலாறு இருக்கிறது. 1584இல் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் சூனியக்காரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிழவிகளைத் தூக்கிலிடாதீர்கள், வித்தை என்பது கைத்தந்திரம் என்று காட்டுவதற்காகத் தலை வெட்டி ஒட்டும் தந்திரம் வரை விளக்கினார். பின்னாளில் இங்கிலாந்துக்கும் அரசரான ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1597இல் அதை மறுத்துப் பேயியல் நூலே எழுதினார். 1735இல்தான் சட்டம் திரும்பியது: சூனியம் செய்வது குற்றமென்பது போய், செய்ய முடியும் என்று பாசாங்கு பண்ணுவதே குற்றமாயிற்று. ஆகவே ‘இது தந்திரம்தான்’ என்று வாய்விட்டுச் சொல்வது ஐரோப்பிய வித்தைக்காரனுக்கு உயிர்க்காப்பு. அதுவே பின்னர் மரியாதைக்கான அனுமதிச்சீட்டும் ஆயிற்று.

நம் தெரு வித்தைக்காரன் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவனுக்கு வந்ததில்லை. செப்பிடு வித்தை பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். மூன்று செப்புகள், சில பந்துகள், கையில் ஒரு உடுக்கை, கூட ஒரு பையன். பையனைப் படுக்கவைத்துத் துணியால் மூடி, ‘ஐயா கையில என்ன?’, ‘கடியாரம்’ என்று கேள்வி பதில் நடக்கும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போவதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பார். கீரி கட்டிப்போட்ட இடத்திலேயே இருக்கும், பாம்பு கூடைக்குள்ளேயே இருக்கும். பாதியில் நகரப் பார்க்கிறவனுக்கு, ‘ரத்தம் கக்குவே’ என்று ஒரு மிரட்டல். இறுதியில் தாயத்து விற்பனை.

அந்த மிரட்டல் மூடநம்பிக்கை என்று எழுதியவர்கள் உண்டு. அது கல்லா என்பது என் கருத்து. அரங்கில் சீட்டு வாங்கிய பிறகுதான் ஆள் உள்ளே போகிறான். பிடிக்காவிட்டாலும் பணம் வந்துவிட்டது. தெருவில் பணம் கடைசியில் வரவேண்டும், கதவோ கிடையாது. ஆகவே உச்சக்கட்டத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, துண்டை விரித்து, கூட்டம் கலையாமல் பிடித்துவைக்கும் ஒரு தனிக்கலை தேவைப்படுகிறது. பேச்சு, கேலி, பயமுறுத்தல், கெஞ்சல் எல்லாம் அதில் அடக்கம். நாலு பக்கமும் ஆள் நிற்கிறார்கள். பின்திரை இல்லை, கீழே பொறிக்கதவு இல்லை, உச்சி வெயில். இந்த நிலையில் ஒரு மாங்கொட்டையைச் செடியாக வளர்த்துக் காட்டுவதும், கூடைக்குள் பையனை வைத்து வாளால் குத்துவதும் மேடை வித்தையைவிட எளிது என்று யாராவது சொன்னால், அவர் இரண்டையும் செய்துபார்க்காதவர். அந்தக் கூடை வித்தையையும் செடி வித்தையையும் 1865இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் ‘கர்னல்’ ஸ்டோடேர் என்ற மேடை வித்தைக்காரர் அரங்கேற்றினார். மாங்கன்றுக்குப் பதில் பூக்கள். அவர் எந்தப் படையிலும் கர்னல் இல்லை என்பது உபரித் தகவல்.

பார்த்த மக்கள் நம்பினார்களா? இதில்தான் நான் பலரோடு முரண்படுகிறேன். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று பொதுவாகக் கொள்ளப்படும் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் ஓர் உவமை சொல்கிறார். கேடயமும் வாளும் ஏந்திக் கயிற்றைப் பிடித்து வானத்தில் ஏறுகிற மாயாவி ஒருவன்; அவனிலிருந்து வேறாக, உண்மையான மாயாவி தரையிலேயே நிற்கிறான் என்று அதில் வருகிறது. உவமை என்பது கேட்பவனுக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளங்காது. ஏறுகிறவன் தோற்றம், நிற்கிறவன் ஆள் என்பது அன்றைய மாணவனுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

நம் மதுரைக் கதையையும் பாருங்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமான் எல்லாம் வல்ல சித்தராக வந்து மாட வீதிகளில் வேடிக்கை காட்டுகிறார். தூரத்து மலை பக்கத்தில் வருகிறது, கிழவர் இளைஞராகிறார். பாண்டியன் ஆளனுப்பிக் கூப்பிடுகிறான். சித்தர் போக மறுக்கிறார், அரசனே வர வேண்டியதாகிறது. கல்யானை கரும்பு தின்கிறது, அரசன் கழுத்து முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது. கடவுளுக்கே தெரு வித்தைக்காரன் வேடம் பொருந்தும் என்று எண்ணிய சமூகம் அது. அதே சமூகம் அந்த வித்தைக்காரனைத் திண்ணையில் ஏற்றவில்லை என்பதும் உண்மை. அதை மறைத்துப் பழம்பெருமை பேச நான் வரவில்லை.

கீழைநாட்டான் எதையும் நம்புவான் என்ற எண்ணம் பேரரசுகளுக்கு வசதியாக இருந்தது. 1856இல் பிரெஞ்சு அரசு ஓய்விலிருந்த ராபேர் ஹூடேனை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூக்கள் எனப்பட்ட சமயப் பெரியவர்கள் மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுவதாக அரசுக்குக் கவலை. அவர்களுடையதைவிடப் பிரெஞ்சு மந்திரம் பெரியது என்று காட்ட வேண்டும். ஒரு சிறு பெட்டி, குழந்தை தூக்கிவிடும். ஹூடேன் கையசைத்ததும் பலசாலியான அல்ஜீரியர் ஒருவரால் அதை அசைக்க முடியவில்லை. அடியில் மின்காந்தம். போதாதென்று கைப்பிடியில் மின்னதிர்ச்சியும் வைத்திருந்தார். பாரிஸில் நடிகனாக மேடையேறியவர், அல்ஜியர்ஸில் அந்த ஒப்பந்தத்தைச் சுருட்டி வைத்துவிட்டார். பார்த்தவர்கள் அலறி ஓடினார்கள் என்பது பெரும்பாலும் அவருடைய நினைவுக் குறிப்பு சொல்லித் தெரிவதுதான். தம் வெற்றியைத் தாமே எழுதுகிற வித்தைக்காரரின் சாட்சியத்தை எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

இனி, உண்மையில் நம்பி ஏமாந்தவர்கள் யார் என்பதற்கு வருகிறேன். 1890 ஆகஸ்ட் 8ஆம் நாள் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவில் பக்கிரி ஒருவர் கயிற்றை மேலே வீச அது நிற்கிறது, பையன் ஏறி மறைகிறான். இதைப் புகைப்படக் கருவியால் பிடித்தபோது படத்தில் கயிறும் இல்லை, பையனும் இல்லை. ஆகவே அது கூட்டு மனோவசியம். எழுதியவர் பெயர் ஃப்ரெட் எஸ். எல்மோர். கிண்டல் அந்தப் பெயரிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் ‘இன்னும் விற்பனை’ என்று காதில் விழும். சில மாதங்களில் பத்திரிகையே இது கற்பனை என்று ஒப்புக்கொண்டது. எழுதியவர் ஜான் வில்கி என்னும் பத்திரிகையாளர். பிற்காலத்தில் அமெரிக்க ரகசியப் பணித்துறைக்கே தலைவரானார். மறுப்பை யார் படித்தார்கள்? கயிற்று வித்தையின் கதை ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. ‘நானே கண்ணால் கண்டேன்’ என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் வரிசையாகக் கடிதம் எழுதினார்கள். 1934இல் லண்டன் மேஜிக் சர்க்கிள் அமைப்பு, செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவிக்கும் நிலை வந்தது.

கயிறு ஏறும் கதை வில்கிக்கு முன்பே இருந்ததே என்பீர்கள். இருந்தது, சங்கரரைச் சொன்னேன். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா சீனாவின் ஹாங்சோவில் இதுபோல் ஒன்றைக் கண்டதாக எழுதியிருக்கிறார். கதையின் பழமையில் எனக்கு வழக்கில்லை. இந்தியனுக்கு மாயம் கண்டு வாய்பிளக்கும் குணம் என்று எழுதியவர்கள், அச்சில் வந்த ஒரே காரணத்துக்காக ஒரு நாளிதழ்ப் புளுகை நாற்பது ஆண்டுகள் தேடி அலைந்தார்கள் என்பதுதான் என் வழக்கு. கயிற்றில் ஏறிய கற்பனை இந்தியனுக்கு 500 கினி வைத்த அதே ஊரில்தான் ராமசாமியின் மனைவி அடக்கச் செலவுக்குக் கையேந்தினார்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரே ஒரு இந்தியர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். வங்காளத்து டாங்கைலைச் சேர்ந்த பி.சி. சர்க்கார். வெள்ளையர் இந்திய வேடம் போட்டால், நான் ஏன் அவர்கள் கற்பனையிலுள்ள மகாராஜாவின் வேடத்தையே போடக் கூடாது என்று கேட்டவர்போல் தலைப்பாகையும் இறகுமாக உலகம் சுற்றினார். 1956 ஏப்ரலில் பிபிசி நேரலையில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்து ஒளிபரப்பு நின்றது. கொலை நடந்துவிட்டதா என்று கேட்டுத் தொலைபேசிகள் திணறின. நேரக் குளறுபடி தற்செயலா என்று இன்றும் கேட்கிறார்கள். உச்சக்கட்டத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது யாருடைய பாடம் என்று முன்பே சொன்னேன்.

சர்க்கார் மேடையை வென்றார். தெருவுக்கு அதனால் எதுவும் கிடைக்கவில்லை. காலனிய அரசின் 1871 குற்றப் பரம்பரையினர் சட்டம் நாடோடிச் சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. ஊர் சுற்றுவதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. சுதந்திரம் வந்தபின் அந்தச் சட்டம் போனது. ஆனால் 1959இல் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்தது. பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது போன்ற பாவனையில் பொது இடத்தில் காசு கேட்பதும் அதன்படி பிச்சை. டெல்லிக்கும் அது நீட்டிக்கப்பட்டது. ஹாஸ்லிட் கூப்பிட்ட போலீஸ் ஒருவழியாக வந்து சேர்ந்தது.

பகுத்தறிவாளர்களைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், நம் போத்தனூரிலிருந்து பத்திரிகை நடத்திய பிரேமானந்த், தீ மிதித்தும் அலகு குத்திக் கார் இழுத்தும் ‘இதில் கடவுள் இல்லை’ என்று காட்டிய திராவிடர் கழகத் தோழர்கள் எல்லாரும் வித்தையைச் சமூகச் சீர்திருத்தக் கருவியாக்கினார்கள். வெறுங்கையில் விபூதி வரவழைத்து அதைச் செய்முறையோடு விளக்குவது பெரிய துணிச்சல். 2013இல் புனேயில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மகாராஷ்டிரத்தில் மாந்திரீக ஒழிப்புச் சட்டம் வந்தது என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சலின் விலை தெரியும். இருந்தாலும் எனக்கு ஒரு மனக்குறை. ஆசிரமத்தில் விபூதி எடுப்பவரையும் சந்தையில் மாங்கன்று எடுப்பவரையும் அந்தப் பிரசாரம் எப்போதும் வேறுபடுத்திப் பார்த்ததில்லை. முதலாமவர் கேட்பது உங்கள் வாழ்க்கையை, இரண்டாமவர் கேட்டது சில்லறையை.

இனி, தடம் முடியும் டெல்லிக்கு வருகிறேன். அங்கே ஷாதிபூர் பணிமனைக்குப் பக்கத்தில் கட்புத்லி காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், வித்தைக்காரர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். சல்மான் ருஷ்டியின் ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ நாவலில் டெல்லி வித்தைக்காரர் சேரி ஒன்று வருவது நினைவிருக்கும். அரசு விழாக்களுக்கும் வெளிநாட்டு இந்தியக் கலைவிழாக்களுக்கும் இங்கிருந்து கலைஞர்களை அழைத்துப் போவார்கள். திரும்பி வந்து தெருவில் ஆடினால் அது பிச்சை. 2017இல் அடுக்குமாடித் திட்டத்துக்காகக் காலனியை இடித்தார்கள். பல குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்ட் 8 அன்று, பிச்சைச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் வித்தை காட்டிக் காசு கேட்பது சட்டப்படி குற்றமில்லை என்றானபோது, ஆடியவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பேராசிரியரைத் தேடாதீர்கள். செப்பிடு வித்தை தெரிந்த ஒருவரை அழைத்து, எனக்குக் கொடுக்கிற தொகையைக் குறைக்காமல் அவருக்குக் கொடுங்கள். அவருக்கு மேடை வேண்டியிராது. நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நாம் சுற்றி உட்கார்ந்தால் போதும். பணத்தை முன்கூட்டியே தருவதா, நடுவில் துண்டை விரிக்கும்போது தருவதா என்பதை மட்டும் அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.